கொள்ளு ஊறப் போட்டீர்களா, தம்பி?

கேள்வி: கோவை பீளமேட்டில் அறை எடுத்து மூன்று நண்பர்கள் தங்கிப் படிக்கிறோம். மதியச் சாப்பாடு கல்லூரி மெஸ்ஸில், கட்டணத்தோடு சேர்ந்தது. காலைக்கும் இரவுக்கும் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் போட்டுச் சமைக்கிறோம். 20ஆம் தேதிக்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. கடைசிப் பத்து நாள் தயிர் சாதமும் நூடுல்ஸும்தான். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், ஒரு கெட்டில் இருக்கின்றன. ஃப்ரிட்ஜ் கிடையாது. எங்களில் ஒருவன் சைவம். ஜிம்முக்குப் போகும் இன்னொருவன், புரோட்டீன் பவுடர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறான். இந்தப் பணத்தில் ஒழுங்காகச் சாப்பிட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் எதைச் சாப்பிடுவது என்று சொல்வதற்கு முன்னால், பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். மூன்று பேர் போனிலும் போன மாதக் கணக்கைத் திறந்து, வயிற்றுக்குப் போனதை மட்டும் எழுதி அனுப்புங்கள் என்றேன். தம்பி ஒளிவுமறைவில்லாமல் அனுப்பினார். மளிகை 2,900. ஹோட்டலும் டெலிவரி ஆப்பும் 3,800. டீக்கடை 1,850. காய்கறி 450.

கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். மூன்று பேர், முப்பது நாள், 450 ரூபாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய்க் காய். டீக்கடைக்கு அதைப் போல நான்கு மடங்கு. நான் டீக்கு எதிரியில்லை. நானே நாளுக்கு மூன்று குடிப்பவள். ஆனால் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாள் தட்டில் கீரையும் காயுமாக 400 கிராம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து ரூபாய்க்கு 400 கிராம் எந்தச் சந்தையிலும் வராது.

ஹோட்டல் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அநேகமாக எல்லா ஆர்டரும் இரவு எட்டரையிலிருந்து பத்துக்குள். சோம்பேறித்தனம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது மணிக்குக் களைத்து வந்து குக்கரைத் திறந்தால், உள்ளே ஒன்றும் ஊறிக் கிடக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்த நேரத்தில் யாருக்குத்தான் பருப்பு கழுவத் தோன்றும்? ஆகவே இரவுச் சாப்பாட்டைக் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பல் தேய்க்கப் போகும்போது ஒரு கிண்ணத்தில் பயறைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். முப்பது நொடி வேலை. உங்கள் பட்ஜெட்டின் பாதிப் பிரச்சினை அங்கே தீர்கிறது.

எந்தப் பயறு? கோவையில் இருந்துகொண்டு கொள்ளை விட்டுவிட்டு வேறெதையும் முதலில் சொல்ல எனக்கு மனம் வராது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியால் அது ஏதோ உடம்பு குறைக்கும் மருந்து என்று பையன்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். 100 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது, துவரம்பருப்புக்குச் சளைத்ததில்லை. விலையோ அதைவிடக் குறைவு. மூன்று பேருக்கு 150 கிராம் போதும். காலையில் ஊறப் போட்டதை இரவு புதுத் தண்ணீர் தாராளமாக விட்டு, ஐந்தாறு விசில் வையுங்கள். வெந்ததும் தண்ணீரை வடித்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொட்டினால் கொங்கு நாட்டுப் பாட்டி யாரும் உங்களை மன்னிக்க மாட்டார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் நான்கையும் எண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்து உப்புப் போட்டுக் கடையுங்கள். மத்து இல்லையா, எவர்சில்வர் டம்ளரின் அடியால் மசியுங்கள். திப்பித்திப்பியாக இருந்தால்தான் ருசி. வடித்த தண்ணீரில் ஒரு தக்காளி, கொஞ்சம் புளி, தட்டிய மிளகு, கொத்தமல்லித்தழை சேர்த்தால் ரசம். ஒரே வேக்காட்டில் பருப்பும் ரசமும். மூன்று பேருக்கும் சேர்த்துக் கொள்ளுக்கான செலவு 15 ரூபாய் சுமார்.

ஊறப்போட மறந்த நாளுக்கு அரிசியும் பருப்பும் சாதம் இருக்கிறது. ஒன்றரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, வெங்காயம், தக்காளி, ஏழெட்டுப் பல் பூண்டு, ஐந்தரை டம்ளர் தண்ணீர். அதில் அரசாணிக்காயோ (பரங்கிக்காய்) கேரட்டோ நறுக்கிப் போட்டுவிட்டால் தனியாகப் பொரியல் தேட வேண்டாம். இறக்கி மேலே ஒரு ஸ்பூன் நெய் விடுவதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாச் செலவும் சேர்த்து ஆளுக்கு 20, 25 ரூபாய்க்குள் அடங்கும்.

இப்போது புரோட்டீன் பவுடர் கேட்ட நண்பருக்கு வருகிறேன். சாதாரணமாக ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ என்றால் 50 கிராம். மெஸ் சாப்பாட்டில் 15 கிராம் அளவுக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள்கிறேன். (நான் படித்த காலத்தில் விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் அடிக்க வேண்டும். உங்கள் மெஸ்ஸும் அப்படியென்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.) காலை, இரவு அரிசியிலும் கோதுமையிலும் 12 கிராம் வரும். மீதி 23இலிருந்து 28 கிராம். அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய புரதம்.

அதனால் மளிகைக் கடையில் கிலோ விலையைப் பார்க்காதீர்கள். 10 கிராம் புரதம் எத்தனை ரூபாய்க்கு வருகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடை விலைக்குக் கணக்குப் போட்டால் மீல்மேக்கரில் அது 3 ரூபாய், கொள்ளில் நாலைந்து, கறுப்புக் கொண்டைக்கடலையிலும் பாசிப்பயறிலும் ஐந்தாறு, நிலக்கடலையில் 6. முட்டையில் 11. பாலில் 12, 13. கோழிக்கறியில் 14. பன்னீரில் 23க்கு மேல். டப்பாவில் அடைத்த பவுடரில் 30க்கு மேல். கடைக்குக் கடை எண் மாறும். வரிசை பெரிதாக மாறாது.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, 50 கிராம் பயறு என்று வைத்துக்கொண்டால் 23, 24 கிராம் ஆகிவிடும். செலவு 16 ரூபாய் சுமார். மெஸ் சாம்பார் நீர்த்துப் போன நாளில் இரவு ஒரு டம்ளர் பால் கூட. உடம்பேற்றுகிற நண்பருக்கு இன்னும் 30 கிராம் வேண்டுமென்றால் ஒரு டம்ளர் பால், இன்னொரு முட்டை, 30 கிராம் மீல்மேக்கர். 20 ரூபாயில் முடிந்தது. மீல்மேக்கரைக் கொதிநீரில் போட்டு, இரண்டு தடவை நன்றாகப் பிழிந்த பிறகு மசாலாவில் போடுங்கள். பிழியாமல் போட்டு, அந்த வாடையால் வெறுத்தவர்கள்தான் ஊரில் பாதிப்பேர்.

பயறு மட்டும் போதுமா, முழுப் புரதம் இல்லையே என்று கேட்பீர்கள். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் அரிசியில் குறைகிற லைசின் பயறில் இருக்கிறது. பயறில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் கணக்கு நேராகிவிடும். சைவ நண்பர் முட்டைக்குப் பதில் பால், தயிர், மோர் என்று தினமும் எடுக்கட்டும். பி12 வைட்டமின் பயறிலும் காயிலும் கிடையாது. அவருக்கு அது பாலிலிருந்துதான் வர வேண்டும். பணம் முடை என்று கடைசிப் பத்து நாள் பாலை நிறுத்துவது அவரைத்தான் முதலில் பாதிக்கும்.

கெட்டிலில் முட்டை அவிக்கலாம். கழுவிய முட்டைகள் மூழ்கத் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். கொதித்து அணைந்ததும் இன்னொரு முறை அமுக்கிக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் 12 நிமிடம் விட்டுவிடுங்கள். குளித்துவிட்டு வரும்போது தயாராக இருக்கும். கீறல் விட்ட முட்டையை மட்டும் இதில் போடாதீர்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு டீயில் முட்டை வாசம்.

காய்க்கு சிங்காநல்லூர் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம். காலையில்தான் நடக்கும், அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தெருமுனைக் கடையில் பேரம் பேச உதவும். ஃப்ரிட்ஜ் இல்லாததால் வாரத்துக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கும். கீரையை வாங்கிய அன்றே முடியுங்கள். முட்டைக்கோஸ், பீட்ரூட், முள்ளங்கி மூன்று நாலு நாள் தாங்கும். முழு அரசாணிக்காய் வாரக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருக்கும், வெட்டிவிட்டால்தான் அவசரம். பழத்துக்கு ஆப்பிள் பக்கமே போகாதீர்கள். கொய்யாவும் நெல்லியும் வைட்டமின் சியில் ஆரஞ்சையே தூக்கிச் சாப்பிடும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட அந்த சி வேண்டும். எலுமிச்சை பிழிந்தாலும் சரி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பு ஒட்டாமல் போய்விடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். நிறுத்தச் சொல்லவில்லை.

அரிசி மூட்டையாக வாங்குவது லாபம். உங்களுக்கு மாதம் 12 கிலோ போதும். ஒரு சிப்பம் இரண்டு மாதம் வரும். கடையில் 25 கிலோ கேட்டால் 26 கிலோ மூட்டையைக் காட்டுவார்கள், குழம்ப வேண்டாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது; ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி அதைத் தாண்டிவிட்டார்கள். வீட்டில் அரிசி கார்டு இருக்கிறதா? ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவிடம் கேட்டு ஒரு கிலோ பருப்பு எடுத்து வருவதில் வெட்கமில்லை. காலையில் சமைக்க முடியாத நாளில் அம்மா உணவகத்து இட்லி ஒரு ரூபாய்தான். கையில் ஒரு அவித்த முட்டையோடு போனால் முழுச் சாப்பாடு.

ஒரு எச்சரிக்கை. மீந்த சோற்றை இரவு முழுக்க அப்படியே வைத்து, மறுநாள் மதியம் ஃப்ரைடு ரைஸ் செய்யும் வழக்கம் பையன்கள் அறைகளில் இருக்கிறது. வெளியில் கிடந்த சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மீந்தால் ஆறியவுடனே தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கிக் காலையில் முதல் வேலையாகச் சாப்பிடுங்கள், மோரும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொண்டு. பருப்பும் குழம்பும் மிஞ்சவே கூடாது, அளவாகச் செய்யுங்கள். ராஜ்மா வாங்கினால் எட்டு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும்.

உங்கள் 9,000 ரூபாயை நான் இப்படி மாற்றி எழுதினேன்: அரிசி, எண்ணெய், மசாலா 2,000; பயறு, பருப்பு, கடலை 1,200; இரண்டு பேருக்கு முட்டை இரண்டு அட்டை 400; தினம் ஒரு லிட்டர் பால் 1,200; காயும் பழமும் 2,400. மொத்தம் 7,200. மீதி 1,800 டீக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும். அதையும் பயறாக்கச் சொல்ல நான் அவ்வளவு கொடுமைக்காரி இல்லை. ஆனால் 1ஆம் தேதியே மளிகையும் பயறும் வாங்கி வைத்துவிடுங்கள். காய்ப் பணத்தை மட்டும் வாரத்துக்கு 600 என்று பிரித்துத் தனியாக வையுங்கள்.

தேர்வு வாரத்தில் இதெல்லாம் நடக்காது என்று எனக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஞாயிறு, கால் கிலோ பொட்டுக்கடலை, கால் கிலோ வறுத்த நிலக்கடலை, நாட்டுச்சர்க்கரை, நாலு ஏலக்காய் வாங்கி, வீட்டுக்காரம்மாவிடம் ஐந்து நிமிடம் மிக்ஸி கேட்டு ஒன்றாகப் பொடித்து மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். அவலைத் தயிரிலோ பாலிலோ ஊறவைத்து, மேலே இந்தப் பொடி மூன்று ஸ்பூன், ஒரு வாழைப்பழம். வீட்டுக்காரம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். மிக்ஸி அடுத்த மாதமும் வேண்டியிருக்கும்.