வைப்பர் பாதியில் நின்றால் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். என்னுடையது 2007 மாடல் சின்னக் கார். மழையில் வைப்பர் ஊர்ந்து ஊர்ந்து போய்ப் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடுகிறது. கையால் தள்ளிவிட்டால் மறுபடி ஓடும். மோட்டாரை மாற்றச் சொல்கிறார் பட்டறைக்காரர். வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் மோட்டாருக்கு முன்பே இறுகிப்போவது லிங்கேஜ்தான், அதாவது மோட்டாரின் சுழற்சியை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகும் கம்பி இணைப்பு. வைப்பர் கைகளைச் சுழற்றும் இரண்டு தண்டுகளும் கண்ணாடிக்குக் கீழே, கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கின்றன. கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் தண்டு, தான் சுழலும் புஷ் என்ற சின்னக் குழாய்க்குள் பிடித்துக்கொள்ளும். நல்ல மோட்டாரும் அதை இழுக்க முடியாமல் திணறும், சூடாகும், ஃபியூஸும் போகும்.

சாவியை எடுத்துவிட்டு வைப்பர் கைகளையும் மூடியையும் கழற்றுங்கள். மோட்டாரின் கிராங்கில் (மோட்டாரோடு சுழலும் சின்ன இரும்புப் பட்டை) மாட்டியிருக்கும் லிங்கேஜ் முனையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி விடுவித்து, சாவியைப் போட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது. இரண்டு வேகத்திலும் சீராகச் சுற்றினால் மோட்டாரில் பழுதில்லை. தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். திருப்பப் பிளையர் தேவைப்பட்டால் குற்றவாளி அந்தத் தண்டுதான். தண்டைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்து உருவி, துருவை எமெரித்தாளால் தேய்த்து, புது கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் மட்டும் லிங்கேஜை மாற்றுங்கள்.

லிங்கேஜ் இல்லாமல் தனியாகவும் மோட்டார் மெதுவாகவே ஓடினால், ஓடும்போதே மோட்டார் கப்ளரில் (வயர் வந்து மாட்டும் இணைப்பு) மல்டிமீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டை ஒட்டி வந்தால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்; ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பிரஷ் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 11க்குக் கீழே இறங்கினால் வயர், ஸ்விட்ச், எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) பக்கம் தேடுங்கள். மோட்டார் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. பல பழைய கார்களில் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்தான் எர்த். அது துருப்பிடித்தாலே வேகம் குறையும்.

ஸ்விட்சை அணைத்ததும் வைப்பர் கை அடியில் போய்ப் படுக்காமல் நின்ற இடத்திலேயே நின்றால் அது வேறு கதை: மோட்டாருக்குள் இருக்கும் பார்க்கிங் கான்டாக்ட் தேய்ந்திருக்கும். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக் கை அசையவில்லையா? கையைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்திருக்கும், அல்லது லிங்கேஜ் முனை கழன்றிருக்கும்.

மோட்டார் வாங்கியே ஆக வேண்டுமென்றால் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய்க் கப்ளர் பின்களை ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே இரண்டு வேகத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டி எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாட்டும்போது மோட்டாரை ஒருமுறை ஓட்டி அணைத்து, அது தானாக நின்ற நிலையில்தான் வைப்பர் கைகளைப் பொருத்த வேண்டும். இல்லையென்றால் கை கண்ணாடி ஓரத்தில் போய் அடிக்கும்.