கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் பண்ருட்டி. கல்யாணமாகி எட்டு மாதம். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி. புற்றாக இருக்கலாம் என்று புதுச்சேரி ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவார்கள் என்கிறார் மாமியார். எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: மாமியார் சொல்வது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் சரி. உங்கள் வயதில் கணக்கு வேறு. இந்த வயதில் வரும் சினைப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே அல்ல. புற்றாக இருந்தாலும், கருமுட்டை செல்களிலிருந்து கிளம்பும் ‘ஜெர்ம் செல்’ வகை என்றால், கட்டியுள்ள சினைப்பையையும் அதன் குழாயையும் மட்டும் எடுத்துவிட்டு, மற்றதையும் கர்ப்பப்பையையும் விட்டுவைப்பதே வழக்கம். கொஞ்சம் பரவியிருந்தாலும் அப்படித்தான். கீமோவுக்கு அது நன்றாகக் கட்டுப்படும். சினைப்பையின் மேலுறை செல்களிலிருந்து கிளம்பும் ‘எபிதீலியல்’ வகைக்கு மட்டும், ஆரம்ப நிலையில் இருந்தால்தான் இந்தச் சலுகை. ஒற்றைச் சினைப்பை இருந்தாலே மாதவிடாய் வரும், கருவும் தங்கும்.

சிக்கல் என்னவென்றால், கட்டி எந்த வகை என்பது எடுத்துப் பார்க்கும்வரை உறுதியாகத் தெரியாது. வெளியிலிருந்து ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கவும் கூடாது, உள்ளே சிந்திவிடும். அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்துச் சோதிப்பார்கள். ஃப்ரோசன் செக்‌ஷன் என்று பெயர். அந்த அவசர முடிவு சில சமயம் பிறகு மாறும். சந்தேகம் இருந்தால் மிச்சத்தைத் தொடாமல், முழு ரிப்போர்ட் வந்தபின் முடிவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளலாம். எடுத்த கர்ப்பப்பையைத் திருப்பி வைக்க முடியாது. இதை ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். டாக்டரிடம் பேசும்போது கணவரும் உள்ளே வரட்டும், வெளியே பெஞ்சில் உட்காரவைக்காதீர்கள்.

கருமுட்டையை எடுத்து உறையவைக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். கட்டி உள்ளே இருக்கும்போது அந்தப் பக்கம் ஊசி குத்தத் தயங்குவார்கள். ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் நடுவில் செய்யலாம். ஆனால் ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஜெர்ம் செல் கட்டி வேகமாக வளரும், அதனால் அந்த இரண்டு வாரம் கிடைக்காமலும் போகலாம். ஆறுதல் என்னவென்றால், அதற்குக் கொடுக்கும் கீமோவுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு மாதவிடாய் திரும்பிவிடுகிறது.

கீமோ முடிந்து ஓராண்டாவது பொறுத்துக் கருத்தரிக்கச் சொல்வார்கள். அதுவரை கருத்தடை வேண்டும். மாதவிடாய்தான் நின்றிருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.