சண்டிகர் உயர் நீதிமன்றம் பூசாத கான்கிரீட்டில் நிற்கிறதே, அதில் அப்படி என்ன அழகு?

பாதியில் விட்ட கட்டடம் மாதிரி இருக்கிறது, பூசக் காசில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல்முறை பார்த்தபோது எனக்கும் அதேதான் தோன்றியது. எனக்குக் கட்டுமான வேலை. கான்கிரீட் வார்க்கப் போட்ட சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த கையோடு பூச்சு வேலைக்கு ஆள் தேடுவோம். இங்கே பிரித்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

வேண்டுமென்றே விட்டதுதான். வடிவமைத்த லெ கொர்பூசியே இதை பிரெஞ்சில் 'பெத்தோன் ப்ரூ' என்பார், மெருகேற்றாத கான்கிரீட். இந்தக் கட்டடப் பாணியின் பெயரான புரூட்டலிசம் என்றதும் முரட்டுத்தனம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயர் நிலைத்ததில் இந்த 'ப்ரூ'வுக்குத்தான் பெரிய பங்கு.

அழகை விடுங்கள், கூரையைப் பாருங்கள். ஒன்றல்ல, இரண்டு. கீழே அறைகளுக்கான கூரை, அதற்கு மேல் குடை பிடித்த மாதிரி இன்னொன்று. நடுவில் காற்று ஓட இடம். வெயிலை மேல் கூரை வாங்கிக்கொள்ளும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் மே மாதம் படுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முகப்பு முழுக்க ஆழமான கான்கிரீட் கட்டங்கள், சாய்ந்து வரும் வெயிலுக்கு. நுழைவாயிலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று ராட்சதத் தூண்கள். அவற்றுக்குப் பின்னால் மாடிக்கு ஏறும் சாய்தளம். கீழே நின்று அண்ணாந்தால் அதில் நடக்கும் கறுப்புக் கோட்டுகள் எறும்பு அளவில் தெரியும். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

உள்ளே, வெறும் கான்கிரீட் சுவரில் குரல் எதிரொலிக்கும் என்று 9 நீதிமன்ற அறைகளுக்கும் பிரம்மாண்டமான திரைச்சீலைகளை அவரே வரைந்து கொடுத்தார். காஷ்மீரில் நெய்தவை.

கோட்டை விட்டது வேறு இடத்தில். 1955இல் திறந்த கட்டடம் இது. அறைக்கு வெளியே காத்திருப்பவர் வெயிலிலும் மழையிலும் எங்கே ஒதுங்குவார் என்று யோசிக்கவில்லை. 2 முதல் 9 வரையான அறைகளுக்கு முன்னால் பிறகு வராண்டா வந்தது. தலைமை நீதிபதியின் 1ஆம் அறைக்கு வரவில்லை. அதையும் கட்டச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட, 2016இல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து போய்விடும் என்று சண்டிகர் நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வராண்டா பக்கம் நின்றது. கட்டடக் கலைஞர்கள் சிலர் என்னைத் திட்டலாம், ஆனால் என் ஓட்டும் வராண்டாவுக்குத்தான்.