பழைய மாருதி 800: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செல்ஃப் போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (1996 மாடல்)

கொஞ்சம் பொறுங்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். வண்டி ஆஃப் ஆகி இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல. மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரோ (பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வண்டிக்குப் போகும் ஒயர்) டெர்மினலோதான் குற்றவாளி. கிளாம்ப்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

பாசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த ஒயர் வரும் போல்ட்டுக்கும் இடையே இதே மாதிரி பாருங்கள். இரண்டு பக்கமும் சரி, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியும் 10 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை என்றால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம். அப்போதும் பெரும்பாலும் சோலனாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரன்ட்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) காண்டாக்ட் தேய்ந்திருக்கும். முழு மோட்டாரையும் மாற்றுவது வீண் செலவு.

டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் இறங்கிவிடுகிறது. ஏன்?

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் வேலை செய்யவேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள்; சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. அப்புறம் சூடு ஏறியதும் ஃபேனை ஆன் செய்யும் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, சாவியை ஆன் செய்து, அந்த இரண்டு ஒயரையும் சின்னக் கம்பியால் இணையுங்கள். ஃபேன் சட்டென்று சுற்றும், கையைத் தள்ளி வையுங்கள். சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருக்கும், அதையும் சுத்தம் செய்யவேண்டும்.

சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது. பிரேக் ஆயில் குறையவில்லை.

மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து, ஆயில் உள்ளேயே பின்னால் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. இதை மட்டும் வீட்டில் பழகிப் பார்க்காதீர்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வரவழைத்து மாற்றுங்கள்.