கண்மணி பாட்டும் பூசணம் புடிச்ச கேசட்டும்

அன்புள்ள அண்ணா,

நீங்க எதப் பத்தி எழுதுனாலும் நடுவுல ஒரு பாட்டு வந்துருது. ஆனா உங்களுக்கு ரொம்பப் புடிச்சது எதுன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல. கடைசி நாப்பது வருசத்துல வந்ததுல பத்துப் பாட்டு சொல்லுங்களேன். ராஜாவா ரஹ்மானான்னும் சொல்லிருங்க, வீட்ல சண்ட ஓயல.

ஒரு வாசகி, வத்தலக்குண்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்தெல்லாம் முடியாதும்மா. பத்து எழுத ஒக்காந்தா முப்பது வருது, அப்புறம் அத விட்டுட்டமே இத விட்டுட்டமேன்னு ராத்திரி தூக்கம் போயிரும். ஒரே ஒரு தீபாவளிய மட்டும் சொல்றேன். 1991. தளபதியும் குணாவும் ஒண்ணா ரிலீஸ், ரெண்டுக்கும் ராஜா சார்தான். ஊரே ராக்கம்மாவுக்குக் கையத் தட்டுச்சு, 2002ல பிபிசி உலக அளவுல வச்ச ஓட்டெடுப்புல அது நாலாவதா வந்துச்சு. நல்ல பாட்டுதான், இல்லேங்கல. ஆனா நான் போட்டுத் தேச்சது குணா கேசட்ட.

எங்க கொடைக்கானல்ல மழ மாசத்துல கேசட்டுக்குள்ள வெள்ளையா பூசணம் புடிச்சுரும். அம்மா அதெல்லாம் அரிசி டின்னுக்குள்ள பொதச்சு வப்பாங்க. அப்பவும் ரெண்டாவது பாட்டு வர்றதுக்குள்ள ஹெட்டுல அழுக்கு ஏறி, ஜானகியம்மா கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி ஆயிரும். நிறுத்தி, பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டு ஹெட்டத் தொடச்சிட்டு, பென்சில விட்டு லூசு டேப்ப இழுத்து சுத்திட்டு, மறுபடி மொதல்ல இருந்து போடுவேன்.

அந்தக் கண்மணி பாட்ட எடுத்துக்கங்க, வாலி எழுதுனது. கமல் லெட்டர் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு எழுதிப் படிக்கும். லெட்டர்ம்பாரு, சீம்பாரு, மடலாம்பாரு, கடுதாசியாம்பாரு, கடைசில கடிதம்னு வந்து நிப்பாரு. அவரு வாயில அது வெறும் தடுமாட்டம், ஜானகியம்மா வாய்க்குப் போனதும் பாட்டு. பேச்சு எங்க முடியுது, பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புடிபடல.

2024ல இந்தப் பாட்டோட மஞ்சும்மெல் பாய்ஸ்ங்கிற மலையாளப் படம் வந்ததுல இருந்து இங்க எந்த டாக்சில ஏறினாலும் இதேதான், வேன்ல வர்ற பசங்க குகைக் கம்பிகிட்ட நின்னு தொண்ட கிழியக் கத்துறாங்க. டெவில்ஸ் கிச்சன்னு இருந்த பேரே குணா படத்தால குணா குகைன்னு ஆனதுதான, அதனால கோவப்படவும் முடியல. கேட்டுக் கேட்டு சலிச்சிருக்கணும், சலிக்கல.

அதே தளபதில யமுனை ஆற்றிலேன்னு ஒண்ணு உண்டு, ஒண்ணர நிமிசம்கூட வராது. 96 படத்துல கரண்டு போன வீட்டுக்குள்ள ஜானு அத வெறும் குரல்ல பாடும் பாருங்க, மியூசிக்கே இல்லாம, இருவத்தேழு வருசம் கழிச்சு. அப்படிக் கழட்டி வச்சாலும் நிக்குற பாட்டுதான் எனக்குப் பாட்டு. அந்தக் கணக்குல பாத்தா புதுசுல பாதி விழுந்துரும். கொஞ்சம் அநியாயமான கணக்குதான், தெரியும்.

சண்டைக்கு வர்றேன். அந்தத் தீபாவளிக்கு ஒம்பது மாசம் கழிச்சு, 1992 ஆகஸ்டுல, ரஹ்மானோட ரோஜா. பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில சின்னச் சின்ன ஆசை ஓடிட்டு இருந்துச்சு, நான் போய் ஸ்பீக்கர் மேல உள்ளங்கைய வச்சுப் பாத்தேன், எங்கேருந்துடா இந்த அதிர்வு வருதுன்னு. கடைக்காரர் திட்டுனாரு. கைல இருந்த பஸ் காசக் குடுத்து கேசட்ட வாங்கிட்டு, வீட்டுக்கு நடந்தே போனேன். உங்க வீட்டுல இதுக்கு எந்தப் பக்கம் மார்க் போடுவாங்களோ போட்டுக்கட்டும்.