பழைய வருடச் செலவுக்கு வரி திரும்பக் கிடைக்கும், தரகர் தேவையில்லை

கேள்வி: லண்டனில் கட்டட வேலைத்தளங்களில் மின் இணைப்பு வேலை செய்கிறேன். 2021 கோடையிலிருந்து சுயதொழில். வேலை தரும் நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் 20 சதவீதத்தை வரியாக வெட்டிக்கொண்டே பணம் தருகின்றன. வருடாந்த வரிப் படிவத்தை நானே நிரப்பி நேரத்துக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் பற்றுச்சீட்டு ஒழுங்காக இல்லாததால் பயந்து, செலவுப் பகுதியில் ஒன்றுமே எழுதியதில்லை. இப்போது நண்பர் மூலம் அறிமுகமான ஒருவர், எல்லா வருடத்துக்கும் சேர்த்து வரியைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கிடைப்பதில் 40 சதவீதம் அவருக்கு. ஒரு படிவத்தில் கையெழுத்தும், அரசாங்க இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கையெழுத்தும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். செலவை எழுதாமல் விட்டதால் நீங்கள் கூடுதலாகக் கட்டிய வரி உங்கள் பணம். அதைக் கேட்டு வாங்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. தேவைப்படுவது சில மாலை நேரங்களும் ஒன்றிரண்டு கடிதங்களும்தான்.

முதலில் காலக்கெடு. 2024/25 வரி வருடத்துக்கு நீங்கள் அனுப்பிய படிவத்தை 2027 ஜனவரி 31 வரை இணையத்திலேயே திருத்தலாம். உள்ளே போய், செலவுப் பகுதியை நிரப்பி, மறுபடி அனுப்பினால் முடிந்தது. அதற்கு முந்திய வருடங்களுக்கு இந்த இணையவழித் திருத்தம் முடிந்துவிட்டது. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். படிவத்தைத் திருத்தும் காலம் முடிந்தாலும், கூடுதலாகக் கட்டிய வரியைக் கேட்கும் காலம் முடிவதில்லை. வரி வருடம் முடிந்து நான்கு வருடங்கள் வரை, ‘ஓவர்பேமென்ட் ரிலீஃப்’ என்ற பெயரில் கடிதம் எழுதிக் கேட்கலாம். 2022/23க்கு 2027 ஏப்ரல் 5 வரை, 2023/24க்கு 2028 ஏப்ரல் 5 வரை. உங்கள் முதல் வருடமான 2021/22க்கான காலம் 2026 ஏப்ரல் 5-உடன் போய்விட்டது. அதையும் எடுத்துத் தருகிறேன் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தால், அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அதுவே போதும்.

இந்த வழி இருப்பதை வரித் திணைக்களம் அனுப்பும் எந்த நினைவூட்டலிலும் நான் பார்த்ததில்லை. ஒரு நாள் பிந்தினால் 100 பவுண்டு தண்டப்பணம் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, கூடுதலாகக் கட்டினால் நான்கு வருடம் வரை கேட்கலாம் என்று ஒரு வரி எழுத முடியாதா? அந்த ஒரு வரி இல்லாததால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? செலவு முழுவதும் திரும்பி வராது, அதற்குரிய வரிதான் வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023/24-இல் வேலைக்காக 8,000 மைல் வேன் ஓட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைலுக்கு 45 பென்ஸ் கணக்கில் 3,600 பவுண்டு. கருவிகள், பாதுகாப்புச் சப்பாத்து, தலைக்கவசம், தொழில் காப்புறுதி, தொலைபேசியில் வேலைக்குரிய பங்கு எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 4,500. சாதாரண 20 சதவீத வரி கட்டுபவருக்கு, வருமான வரியோடு கட்டும் தேசியக் காப்புறுதியின் (நேஷனல் இன்ஷூரன்ஸ்) அந்த வருடத்து 9 சதவீதத்தையும் சேர்த்தால் 1,305 பவுண்டு திரும்ப வரும். அதில் 40 சதவீதம் 522 பவுண்டு. ஒரு கடிதத்துக்கு 522 பவுண்டு! அதுவும் வேன் ஓட்டியது நீங்கள், கருவி வாங்கியது நீங்கள்.

மைல் கணக்கு எடுத்தால் பெற்றோல், வேன் திருத்தம், வேன் காப்புறுதி எதையும் தனியாகப் போடக்கூடாது. எல்லாம் அந்த 45 பென்ஸுக்குள் அடங்கிவிட்டன. வருடத்துக்கு 10,000 மைலைத் தாண்டினால் மிச்ச மைலுக்கு 25 பென்ஸ். வாகனத் தரிப்புக் கட்டணம் தனியாக வரும், தரிப்புத் தண்டம் வராது.

வீட்டிலிருந்து வேலைத்தளத்துக்குப் போகும் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பணத்தை விட்டுவிடுவது இங்கேதான். ‘வீட்டிலிருந்து வேலைக்குப் போவதைக் கழிக்க முடியாது’ என்று எல்லோரும் சொல்வார்கள். நிரந்தரமாக ஓர் இடத்தில் வேலை செய்பவருக்கு அது சரி. ஆனால் 1971-இல் ஈஸ்ட்போர்னில் வசித்த ஒரு மேசனின் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. உங்களைப் போலவே உப ஒப்பந்தக்காரர். இன்று ஒரு தளம், சில வாரங்கள் கழித்து வேறு தளம். கருவிகளும் கணக்குப் புத்தகமும் வீட்டில் இருந்தன, வேலை பேசி முடிப்பதும் வீட்டில். அவருடைய தொழிலின் தலைமையிடம் அவர் வீடுதான், ஆகவே வீட்டிலிருந்து தளத்துக்குப் போய்வரும் செலவு முழுவதும் கழியும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

உங்களுக்கும் அது பொருந்த வேண்டுமானால் தளங்கள் மாறிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மூன்று மாதம் ஒரு தளம், ஆறு வாரம் இன்னொன்று என்றால் தயங்காமல் போடுங்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே கட்டடத்துக்கு வருடக் கணக்கில் தினமும் போயிருந்தால், அது வழக்கமான வேலையிடம் என்று திணைக்களம் சொல்லும். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அந்தக் காலத்து மைல்களை விட்டுவிடுங்கள். வேலைத்தளங்களில் பேசப்படும் ‘24 மாத விதி’ சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கானது. அதை வைத்து உங்கள் கணக்கைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மதியச் சாப்பாட்டைப் போடாதீர்கள். 1975-இல் ஒரு தச்சர், வீட்டில் சாப்பிட்டால் 10 பென்ஸ், தளத்தருகே சாப்பிட்டால் 40 பென்ஸ், மிகுதி 30 பென்ஸையாவது கழியுங்கள் என்று கேட்டுத் தோற்றார். மனிதன் உயிர் வாழத்தான் சாப்பிடுகிறான் என்பது சட்டத்தின் பார்வை. சாதாரண ஜீன்ஸும் ஜாக்கெட்டும் அப்படித்தான்.

பற்றுச்சீட்டு இல்லை என்று பயந்தீர்கள். எல்லாவற்றுக்கும் அது இல்லாமல் போனாலும் ஆதாரம் இருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கையில் கருவிக் கடைக்குப் போன பணம் தெரியும். நிறுவனம் மாதாமாதம் தரவேண்டிய வரிப்பிடித்தச் சீட்டில் எந்த நிறுவனத்துக்கு எந்த மாதம் வேலை செய்தீர்கள் என்பது இருக்கும். தள முகவரி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இவற்றை மேசையில் பரப்பி, ஒரு கொப்பியில் நாள்வாரியாக எழுதுங்கள்: ‘மார்ச் 12 முதல் 16 வரை, ஹாரோ வீடு – லூட்டன் தளம், போக வர 50 மைல், ஐந்து நாள், 250 மைல்.’ நினைவில் இல்லாத வாரத்தை வெறுமையாக விடுங்கள். நினைவில் இல்லாததை நிரப்பித் தருவதுதான் தரகர்களின் வேலை. பத்துப் பேருடைய கோரிக்கையில் ஒரே தொகையைப் போட்டு அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். திணைக்களம் விசாரிக்க வரும்போது தரகரின் தொலைபேசி இயங்காது. வேண்டுமென்றே பிழையாகக் காட்டியது என்று முடிவானால், வரியோடு அதன் 70 சதவீதம் வரை தண்டமும் சேரும், மறைத்ததும் தெரிந்தால் 100 சதவீதம் வரை. கோரிக்கை யார் பெயரில் போனதோ அவர்தான் கட்ட வேண்டும், அதாவது நீங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. உங்கள் பெயர், முகவரி, பத்து இலக்க வரி எண், எந்த வரி வருடம். ‘ஓவர்பேமென்ட் ரிலீஃப்’ கோருகிறேன் என்ற சொற்கள் கட்டாயம் வரவேண்டும். அவை இல்லாவிட்டால் கடிதம் எந்த மேசையில் போய்க் கிடக்கும் என்று சொல்ல முடியாது. ஏன் கூடுதலாகக் கட்டினீர்கள், எவ்வளவு, அந்த வருடம் வரி கட்டியதற்கான ஆதாரம், பணம் எந்த வழியில் வேண்டும், இதற்கு முன் இதைக் கேட்டதில்லை என்ற வாக்கியம். கடைசியில், சொன்னவை எனக்குத் தெரிந்தவரை சரியானவை, முழுமையானவை என்று எழுதிக் கையெழுத்து. ஒவ்வொரு வருடத்துக்கும் தனிக் கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். அந்தத் தாமதத்துக்கு நான் ஒரு நியாயமும் சொல்லப் போவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால், தொழில்முறைக் கணக்காளர் ஒருவரிடம் வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டணம் பேசிப் போங்கள். கிடைப்பதில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள். தொகையை ஊதிப் பெருக்கினால் அவர் பங்கும் பெருகும்.

அவர் நீட்டிய படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களானால் பதற வேண்டாம். வரித் தொகையைப் பெறும் உரிமையையே இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரங்கள், 2023 மார்ச் 15 முதல் எழுதப்பட்டவையானால், வருமான வரி விஷயத்தில் செல்லாது. ஆனால் உங்கள் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்ள ஒருவரை நியமிப்பது வேறு, அது செல்லும். ஆகவே இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு திணைக்களத்துக்குத் தொலைபேசி செய்து, உங்கள் பெயரில் யார் முகவராகப் பதிவாகியிருக்கிறார், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகும்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.