அப்லேஷன் சிகிச்சை: கதீற்றரின் அழுத்தத்தை அளப்பது அவசியமா?

கேள்வி: ஒழுங்கற்ற இதயத்துடிப்பு (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) உள்ள என் அப்பாவுக்குக் கொழும்பில் அப்லேஷன் செய்யச் சொல்கிறார்கள். அழுத்தத்தை அளக்கும் கதீற்றர் என்றால் செலவு கூடுமாம். அது கட்டாயம் வேண்டுமா? இதயத்தை அழுத்தினால் ஓட்டை விழாதா?
– வாசகி, நிலாவெளி

பதில்: தொடை மடிப்பிலுள்ள நாளத்தின் வழியே செலுத்தப்படும் கதீற்றர் என்ற மெல்லிய குழாயின் நுனி, இடது மேலறையில் நுரையீரல் நாளங்கள் வந்து சேரும் வாயைச் சுற்றித் தசையைச் சூடாக்கி, அங்கிருந்து வரும் பிழையான மின்தூண்டலைத் தடுக்கும் தழும்புகளை உண்டாக்குகிறது. நுனி சரியாகப் படாவிட்டால் வெப்பம் இரத்தத்தோடு போய்விடும். தழும்பு ஆழமில்லாமல் அமைந்து, வீக்கம் வற்றியதும் தழும்பில் விடுபட்ட இடைவெளியால் மின்தூண்டல் மீண்டும் கடந்து, படபடப்பு திரும்பும். மிஞ்சி அழுத்தினாலோ, சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ள சுவர் துளைபட்டு இதய உறைக்குள் இரத்தம் கசியக்கூடும். உங்கள் பயம் வீணானதல்ல. அதற்காகவே இந்த அளவீடு வந்தது.

முன்பு எக்ஸ்ரே திரையில் தெரியும் அசைவையும் மின்தடை குறைவதையும் கையுணர்வையும் வைத்தே அழுத்தத்தை ஊகித்தார்கள். இப்போது நுனியருகே உள்ள ஒளியிழையோ நுண்ணிய சுருள்வில்லோ அதைக் கிராமில் காட்டுகிறது. மூச்சோடும் துடிப்போடும் ஏறி இறங்கும் அந்த எண்ணைப் பெரும்பாலும் 10 முதல் 20 கிராமுக்குள் வைத்திருக்க முயல்வார்கள். 10 கிராம் என்பது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சீனியின் எடைதான்.

2015இல் வெளியான டொக்காஸ்டார் ஆய்வில், இந்தக் கதீற்றரின் பலன் மொத்தத்தில் வழக்கமான கதீற்றருக்குக் குறையவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களுள் அழுத்தம் போதிய அளவில் நிலைத்தவர்களுக்குப் பலன் தெளிவாகக் கூடியது. ஆகவே கருவி இருப்பது மட்டும் போதாது, அதைப் பார்த்துக் கை திருந்தவேண்டும். வசதியிருந்தால் இதையே தெரிவு செய்யுங்கள் என்பேன். நகையை அடகு வைக்கும் நிலை என்றால், சிகிச்சை செய்பவரின் அனுபவத்தை முதலில் விசாரியுங்கள். தசையைச் சூடாக்காமல் பலூனால் உறையவைக்கும் குளிர்பலூன் முறையென்றால் இந்தக் கிராம் கணக்கே எழாது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். முதற் சில வாரங்களில் படபடப்பு வந்தால் சிகிச்சை தோற்றதென்று எண்ணவும் வேண்டாம். ஆனால் இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது நோவு, நெஞ்சுநோவு, கைகால் பலவீனம் ஆகியவற்றுள் ஏதேனும் வந்தால், கொழும்புக்குப் புறப்படாமல் உடனே திருகோணமலை வைத்தியசாலைக்குச் சென்று, அப்லேஷன் செய்ததை முதலிலேயே சொல்லுங்கள். அரிதாக உணவுக்குழாயில் துளை விழுந்திருக்கலாம் என்பதால், எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யாமல் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.